குறையுள்ள பொதுமகன் ஒருவர் தேவை

பொதுமகன் வேலைக்கு ஆள் தேவை என்று யாரும் பத்திரிகையில் போடவில்லை. போட்டிருந்தால் ஊரே வந்து வரிசையில் நின்றிருக்கும். எனக்கு அந்த வேலை கிடைத்தது என் முகத்துக்காக.

சாய்ந்தமருதில், ஊரின் மழைத் தண்ணீரெல்லாம் போய் ஒதுங்குகிற தோணாவுக்குக் கிட்ட, எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் வாயிலில் ஒரு மாடிக் கட்டிடம் எழும்பியது. கிழக்குக் கரையோரத் தொழிற்றல ஆற்றல் விருத்தி நிலையம் என்று அதற்குப் பெயர். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் டிப்ளோமா எடுக்கவேண்டுமென்றால் ஏதாவது ஒரு கந்தோரில் பயிலுனராக இருந்து வேலை பழகவேண்டும் என்பது விதி. கந்தோர்கள் பிள்ளைகளை எடுக்கவில்லை. இருக்கிறவர்களுக்கே வேலை போதாது என்றார்கள். ஆகவே மேலிடத்தில் நன்றாக யோசித்து, பயிலுனர்களுக்கென்று தனியாக ஒரு கந்தோரையே கட்டிவிட்டார்கள். கருமபீடம், கதிரை, மின்விசிறி, லாச்சி, றப்பர் முத்திரை, சுவரில் மணிக்கூடு, எல்லாம் அதில் உண்டு. செய்வதற்கு வேலை மட்டும் இல்லை.

அந்தக் கட்டிடத்துக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் நானும் ஒருவன். கட்டி முடிந்த அன்று, அடுத்த வேலை எங்கே என்று யோசித்தபடி, கவிழ்த்துப்போட்ட சாந்துச் சட்டியில் உட்கார்ந்திருந்தேன். பணிப்பாளர் மிஹ்லார் சேர் என்னைக் கடந்து போனவர், திரும்பி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்கட பேர் என்ன?"

"முனாப், சேர்."

"எந்தெந்தக் கந்தோருக்குப் போயிருக்கீங்க?"

"போகாத கந்தோர் இல்ல சேர்."

"போன வேலை முடிஞ்சிருக்கா?"

"ஒண்டு ரெண்டு முடிஞ்சிரிக்கி."

"முடியாட்டி என்ன செய்வீங்க?"

"திரும்பி வருவன் சேர். நடந்துதான்."

சேர் பக்கத்தில் நின்ற சாரதாதேவி மிஸ்ஸைப் பார்த்தார். "பாருங்க மிஸ், இந்த முகத்தில கோபமும் இல்ல, நம்பிக்கையும் இல்ல. நாங்க தேடின முகம் இதுதான்."

அப்படித்தான் நான் பொதுமகன் ஆனேன். பிள்ளைகள் கருமபீடத்துக்கு உள்ளே இருப்பார்கள். நான் வெளியே வந்து நின்று என் குறையைச் சொல்லவேண்டும். அவர்கள் என்னை வைத்துப் பழகுவார்கள். நாட்கூலிதான், ஆனால் நிழலில். சுமை தூக்கி இடுப்பு விட்டுப்போன ஆளுக்கு நிழலில் நின்று ஏமாறுவது பெரிய காரியம் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார் சேர். "குறை உண்மையா இருக்கணும். நடிக்கிற குறையில பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் வராது. உங்களுக்கிட்ட உண்மையான குறை இரிக்கா?"

இருந்தது. அவருடைய காலடியிலேயே இருந்தது.

எங்கள் ஒழுங்கைத் தண்ணீரைத் தோணாவுக்குக் கொண்டுபோகிற கான் அந்தக் கட்டிடத்தின் முன்பக்கத்தால் போகிறது. திறப்பு விழாவுக்குப் பெயர்க்கல் நாட்ட இடம் தேடியபோது, படம் எடுக்க வசதியான இடமாக அந்தக் கானைத்தான் தெரிவு செய்தார்கள். "கீழ கான் ஓடுது. குழாய் ஒண்டு வெச்சுத்தான் கொங்கிறீட் போடணும்" என்றார் மேசன் மீராசாஹிபு. "குழாய் வந்து சேர, விழாவுக்கு வாற பெரியவர் வந்திட்டுப் போயிருவார்" என்றார் கொந்தராத்துக்காரர். கான் அடைபட்டது. அதன் மேல் கறுப்புக் கல் ஏறியது. கல்லில் பெரியவரின் பெயர் முதலாவதாகவும், மிஹ்லார் சேரின் பெயர் கடைசியாகவும், ஆனால் எல்லாவற்றிலும் தடித்த எழுத்திலும் வெட்டப்பட்டிருந்தது. மாரி வந்தால் தண்ணீர் போக இருக்கிற ஒரே இடம் எங்கள் வீடு.

இதைச் சொன்னேன். சேர் சந்தோசப்பட்டார்.

"மாஷா அல்லாஹ்! இவ்வளவு கிட்டத்தில ஒரு குறை கிடைக்கிறது லேசான விசயமா? களப் பயணச் செலவும் மிச்சம்."

*

முதல் நாள் என் முன்னால் இருந்தது நுஸ்ஹா. நிந்தவூர்ப் பிள்ளை. வீட்டில் மூத்தது. இதற்கு முன்னர் உண்மையான கந்தோர் ஒன்றில் பயிலுனராக இருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். வருசக் கடைசி வரைக்கும் வைத்துச் செய்ய இருந்த கோப்புகளை ஒரு கிழமையில் முடித்துவிட்டாளாம். மற்ற உத்தியோகத்தர்கள் வெறுங்கையோடு இருக்க நேர்ந்து, அது பெரிய பிரச்சினையாகிவிட்டதாம். இந்த நிலையமும் சான்றிதழ் கொடுக்காவிட்டால் அவளுக்கு டிப்ளோமா இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன் நான், கற்றுக்கொடுத்தபடி தயங்கித் தயங்கி.

"வஅலைக்குமுஸ்ஸலாம். இரிங்க மாமா." அவள் எழும்பியே விட்டாள். தன் கதிரையைத் தூக்கிக் கருமபீடத்தைச் சுற்றி வந்து எனக்குப் போட்டாள். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். "வெயிலுக்க வந்திரிக்கீங்க. முதல்ல குடிங்க. நீங்க ஆர்ர மகன்? எந்த ஊடு?"

"இப்றாஹிம்ர மகன். தோணாக் கரை."

"அல்லாஹ்! எங்கட ஜுனைதா பெரியம்மா அங்கதானே கலியாணம் முடிச்சிரிக்காங்க."

"ஜுனைதா ராத்தாவா? எங்கட பின் ஊடு."

"அப்ப நீங்க எனக்குச் சொந்த மாமாதான். செல்லுங்க, என்ன கரைச்சல்?"

டிங் என்று மேசை மணி அடித்தது. சாரதாதேவி மிஸ். கல்முனையில் வாழ்நாளெல்லாம் கருமபீடத்தில் இருந்து ஓய்வுபெற்று, இங்கே பாடம் எடுக்க வந்தவர். அவர் கண் என்ன நிறம் என்று பொதுமக்களில் ஒருவருக்கும் தெரியாது என்று பேச்சு. அவ்வளவு திறமை.

"நுஸ்ஹா, இது கந்தோரா, கலியாண வீடா? எழும்பினது பிழை. கதிரை குடுத்தது பிழை. தண்ணி குடுத்தது அதைவிடப் பிழை. தண்ணி குடிச்ச ஆள் லேசில போகாது."

"வந்த ஆளுக்குத் தண்ணி குடுக்காம எப்பிடி மிஸ் கதைக்கிற?"

"கதைக்கச் சொன்னது ஆர்? எல்லாத்திலயும் பெரிய பிழை, நீர் சொந்தம் விசாரிச்சது. மாமா எண்டு வந்தாப் பிறகு, நாளைக்கு வாங்க எண்டு எந்த வாயால சொல்லுவீர்?"

மிஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் கரையில் இரண்டு பேர் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கதைத்தால் சொந்தம் வந்துவிடும். சொந்தம் வந்தால் வேலையைச் செய்துகொடுத்தே ஆகவேண்டும். எல்லாருக்கும் வேலை செய்துகொடுத்தால் நாளைக்கு யார் வருவார்கள்? யாரும் வராவிட்டால் கந்தோர் எதற்கு?

நுஸ்ஹா தலை குனிந்து பேனையை எடுத்தாள். "கான அடைச்சிக்கிட்டிரிக்கிற கட்டிடம் எது மாமா?"

"இந்தக் கட்டிடம்தான் மகள்."

டிங். "அப்பிடி எழுதக்கூடாது" என்றார் மிஸ். "நிறுவனம் ஒன்று எண்டு எழுதும். எங்க எண்டு கேட்டா, மேற்படி இடத்தில எண்டு எழுதும்."

*

அதன் பிறகு பாடங்கள் வரிசையாக நடந்தன. நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது ஒரு பாடம். பொதுமகனின் கையில் இருக்கிற கடதாசியில் இல்லாத ஒன்றைக் கேட்பது ஒரு பாடம். அதற்குப் பொறுப்பானவர் இன்று வரவில்லை என்பது பெரிய பாடம், மூன்று நாள் எடுத்தார்கள். பொறுப்பானவர் யார் என்று பொதுமகன் கேட்டால் என்ன செய்வது என்று றஸ்னா என்ற பிள்ளை கேட்டது. "கேக்கமாட்டார்" என்றார் மிஸ், என் முகத்தைக் காட்டி.

எனக்கென்று ஒரு கதிரை செய்வித்திருந்தார்கள். ஒரு கால் கட்டை. உட்கார்ந்தால் ஆடும். நான் பழக்கதோசத்தில் வெளியே போய் ஒரு சல்லிக்கல்லை எடுத்துவந்து காலுக்குக் கீழே வைத்தேன். கதிரை ஆடாமல் நின்றது. மிஸ் வந்து கல்லை எடுத்து யன்னலால் எறிந்தார். "ஆறுதலா இருந்தா ஆக்கள் யோசிக்கத் தொடங்கிருவாங்க காக்கா." காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

விரலடையாளம் எடுக்கிற பாடத்தன்று எனக்குக் கொஞ்சம் மனம் பொறுக்கவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு, பள்ளிவாசலில் நடந்த முதியோர் வகுப்பில், மடங்காத விரல்களால் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். என் பெயரைக் கோடு தப்பாமல் எழுதுவேன்.

"மிஸ், நான் கையொப்பம் வெப்பன்" என்றேன்.

"தெரியும் காக்கா. ஆனா பாடத்திட்டத்தில பொதுமகனுக்கு விரல்தான் போட்டிருக்கு."

மையை அப்பி விரலைப் பிடித்து அமுக்கினார்கள். முழு வகுப்பும் மாறி மாறி அமுக்கியது. நுஸ்ஹாவின் முறை வந்தபோது அவள் விரலைப் பிடிக்காமல் பேனையை என் கையில் தந்தாள். நான் எழுதினேன். டிங்.

பிள்ளைகளில் கெட்டிக்காரன் வினாயகபுரத்து ஜனுசன். அவன் என்னைப் பார்க்கிற பார்வை என் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு பின் சுவரில் இருக்கிற மணிக்கூட்டில் போய் நிற்கும். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம், "ஓம் சேர், ஓம் சேர்" என்பான். அந்தத் தொலைபேசிக்கு வயரே இல்லை. சாரதாதேவி மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிடும். இடைவேளையில் அவனே என்னிடம் ஓடி வருவான்.

"காக்கா, மனசில வெச்சிராதீங்க. பாடத்துக்குத்தான்."

"நீ நல்லாச் செய்ற தம்பி. எனக்கே கோபம் வந்திச்சி."

"உண்மையாவா? அத மிஸ்ஸிட்டச் சொல்லுங்க காக்கா, புள்ளி கூடும்."

இப்படி இருக்கும்போது, ஒரு நாள் காலையில் என் பின்னால் ஒரு வரிசை நின்றது. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஜுனைதா ராத்தா, கையில் கடதாசிகளோடு. அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். வாசலில் போட்டிருந்த 'பொதுமக்கள் சேவை' என்ற பலகையைப் பார்த்து, உண்மையான கந்தோர் என்று வந்துவிட்டார்கள்.

"ராத்தா, இது பிள்ளைகள் பழகுற இடம்" என்றேன்.

"எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் இரிக்கி. நீங்க முன்னால பாருங்க."

பிள்ளைகள் அவர்களையும் எடுத்தார்கள். ஒருவரை நாளைக்கு வரச் சொன்னார்கள், ஒருவரிடம் பிரதி கேட்டார்கள், ஒருவருக்குத் தொலைபேசியில் கதைத்துக் காட்டினார்கள். ஒருவரும் எதுவும் வித்தியாசமாக உணரவில்லை. அடுத்த நாளும் வந்தார்கள். அந்தக் கிழமை முழுக்க வந்தார்கள். வரிசையில் முன்னால் இடம் பிடிக்க நான் சுபஹ் தொழுதுவிட்டு நேரே வரவேண்டியதாயிற்று.

"மத்தக் கந்தோர விட இஞ்ச நல்லம்" என்றார் ஜுனைதா ராத்தா. "மெனக்கெடுத்துற இல்ல. கெதியாத் திருப்பி அனுப்பிப்போடுறாங்க."

விசயம் மிஹ்லார் சேருக்குத் தெரிந்தபோது அவர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். நான் கடைசியில், ஆடுகிற கதிரையில் இருந்து கேட்டேன்.

"பிள்ளைகள், நான் இண்டைக்கு மிகவும் பெருமைப்படுறன். எங்கட நிலையத்துக்கு அதிகாரமில்ல, நிதியில்ல, ஒருத்தருக்கு ஒரு வேலை செய்துகுடுக்க ஏலாது. அப்பிடி இருந்தும் மக்கள் வாறாங்க. உண்மையான கந்தோருக்கும் எங்களுக்கும் அவங்களுக்கு வித்தியாசம் தெரியல்ல. இதவிட ஒரு பயிற்சி நிலையத்துக்கு என்ன தரச் சான்று வேணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொதுமகனும் தட்டவேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருந்தது.

*

கார்த்திகை மாதம் மாரி இறங்கியது.

முதல் மழைக்குத் தண்ணீர் முற்றத்தில் நின்றது. அடுத்த மழைக்கு வாசற்படி ஏறியது. என் மனைவி சல்மா உம்மா அடுப்பைத் தூக்கி மேசையில் வைத்தாள். நெல் மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். பிறகு படுக்க இடமில்லாமல் கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்க. நீங்க ஒவ்வொரு நாளும் அங்க போய் என்னதான் செய்றீங்க?"

"கான் அடைபட்டிரிக்கி எண்டு செல்லுறன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்."

"ஆருக்கிட்ட?"

"பிள்ளைகள்கிட்ட."

"அவங்க என்ன செல்லுற?"

"நாளைக்கு வாங்க எண்டு."

அவள் சீலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். "இதுக்குக் கூலியும் தாறாங்களே! அல்லாஹ்வே, என்ர மனிசன் தண்ணி ஊட்டுக்க வாறத்துக்குச் சம்பளம் வாங்குறார்."

அவள் கேட்டது எனக்குச் சுட்டது. அன்றைக்கே, ஊர்க் கான்களைப் பார்க்கிற சபைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். நல்ல பயிற்சி.

"தோணாக் கரை முனாபா? உங்கட குறை ஏற்கெனவே நிலையத்தில பயிற்சியில இருக்குதே. அங்க முடியாம நாங்க கைவெக்க ஏலாது."

"அங்க எப்ப முடியும்?"

"அதுக்குப் பொறுப்பானவர் இண்டைக்கு வரல்ல."

திரும்பி வந்து மிஹ்லார் சேரின் அறைக்குள் போனேன். பொதுமகனுக்கு அங்கே போக அனுமதி இல்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் இருந்து தண்ணீர் சொட்டி அவருடைய விரிப்பு நனைந்தது.

"சேர், இது பாடம் இல்ல. உண்மையாச் செல்லுறன். அந்தப் பெயர்க்கல்ல ஒரு ரெண்டு முழம் தள்ளி வெச்சாக் காணும். அலவாங்கும் நாலு ஆளும் தந்தா நானே செய்வன். கூலியும் வேணாம்."

சேர் கதிரையில் இருந்து முன்னால் சரிந்து, என் மேல் இரக்கப்பட்டார். "காக்கா, நீங்க பெரிய மனிசன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் கான வெச்சுத்தான் பதினொரு பாடம் எழுதியிருக்கம். அது திறபட்டா இந்தப் பிள்ளைகள் எதில பழகுற? அடுத்த வருசத்துப் பிள்ளைகள் எதில பழகுற? நீங்க ஒரு ஊட்டப் பாக்கிறீங்க, நான் ஒரு தலைமுறையப் பாக்கிறன்."

"தண்ணி அடுப்படிக்க நிக்கிது சேர்."

"அந்த உணர்வு கருமபீடத்தில கொஞ்சம் குறைவா இருந்தது. நாளைக்குச் சோதனை. இதே மாதிரிச் செய்ங்க."

*

சோதனைக்குக் கொழும்பில் இருந்து மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். அவர்கள் வருகிற வழியில் தண்ணீர் நின்றதால் பலகை போட்டு, ஆளைப் பிடித்து, பெயர்க்கல்லுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

சோதனை விதி லேசானது. பொதுமகன் குறையைச் சொல்லவேண்டும். பயிலுனர் அவரைத் திருப்பி அனுப்பவேண்டும். பொதுமகன் முறைப்பாடு இல்லாமல் போனால் பயிலுனர் சித்தி. எழும்பினால், தண்ணீர் கொடுத்தால், சொந்தம் விசாரித்தால் சித்தியில்லை.

ஜனுசன் என்னைக் கண்ணிமைக்கிற நேரத்தில் அனுப்பினான். றஸ்னா கொஞ்சம் தடுமாறிப் பிரதி கேட்டுச் சமாளித்தது. கடைசியாக நுஸ்ஹா.

நான் போய் நின்றேன். அன்றைக்கு நான் நடிக்கவேண்டியிருக்கவில்லை. காலையில் தண்ணீர் கட்டிலைத் தொட்டிருந்தது. நெல் மூட்டையின் அடி நனைந்துவிட்டது. சாரம் இடுப்புவரை ஈரம். ஈரக் கையைக் கருமபீடத்தின் மேல் வைத்தேன்.

நுஸ்ஹா தலை குனிந்துதான் இருந்தாள். படித்தபடி பேனையைப் பிடித்திருந்தாள். என் கையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவளுடைய கடதாசியில் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"மாமா! ஊட்டுக்க தண்ணி வந்திட்டா?"

கதிரை பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. அவள் பாதி எழும்பிவிட்டாள். சாரதாதேவி மிஸ்ஸின் கை மணிக்குப் போனது. மதிப்பீட்டாளர்கள் பேனைகளைத் திறந்தார்கள். மிஹ்லார் சேர் கண்ணை மூடிக்கொண்டார். அவளுடைய மற்றக் கை போத்தலைத் தேடுவதை நான் கண்டேன்.

இனி ஒரு சொல் நான் கதைத்தால் அவளுக்கு டிப்ளோமா இல்லை. கதைக்காமல் போனால் எனக்குக் கான் இல்லை. இத்தனை வருசம் எத்தனையோ பேர் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என்னை நானே அனுப்பியது அன்றைக்குத்தான்.

"இல்ல மகள். ஒண்டும் அவசரம் இல்ல" என்றேன். "நான் நாளைக்கு வாறன்."

திரும்பி நடந்தேன். கதவு வரைக்கும் போனேன். பிறகு கொழும்பு மதிப்பீட்டாளர் ஒருவர் எழும்பிக் கைதட்டத் தொடங்கினார். முழு மண்டபமும் தட்டியது.

நான் வெளியே நின்று, ஈரச் சாரத்தைப் பிழிந்தபடி, மிஹ்லார் சேரின் பேச்சைக் கேட்டேன்.

"கண்டீங்களா? இதுதான் உச்சம். ஒரு சாதாரண உத்தியோகத்தர், நாளைக்கு வாங்க எண்டு சொல்லுவார். கெட்டிக்காரர் அத மரியாதையாச் சொல்லுவார். ஆனா இந்தப் பிள்ளை ஒண்டுமே சொல்லல்ல! ஒரு பார்வைதான். பொதுமகன் தானாகவே, நான் நாளைக்கு வாறன் எண்டு சொல்லித்துப் போறார். மக்களே தங்களத் திருப்பி அனுப்பிக்கொள்ளுற ஒரு நாட்டத்தான் நாங்க கனவு கண்டம்."

நுஸ்ஹாவுக்கு அதிவிசேட சித்தி. அந்த இடத்திலேயே சான்றிதழ் கொடுத்துப் படமும் எடுத்தார்கள். படத்தில் அவள் அழுதுகொண்டு இருந்தாள். சந்தோசத்தில் என்று நிலையத்தின் முகநூலில் போட்டிருந்தார்கள்.

*

அடுத்த நாள் சனிக்கிழமை. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நானும் சல்மாவும் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையில் ஆட்கள் தண்ணீரை உழக்கிக்கொண்டு வருகிற சத்தம். முன்னால் நுஸ்ஹா, முழங்கால்வரை நனைந்து, கையில் மண்வெட்டி. பின்னால் றஸ்னா. அலவாங்கைத் தோளில் வைத்தபடி ஜனுசன்.

"நாளைக்கு வாறன் எண்டு செல்லித்து வரல்லயே மாமா" என்றாள் அவள். "அதான் நாங்க வந்தம்."

"புள்ள, சனிக்கிழமை கந்தோர் பூட்டு" என்றேன்.

"அதுதான் வசதி காக்கா" என்றான் ஜனுசன். "பொறுப்பானவர் இண்டைக்கு வரமாட்டார்."

சல்மா சிரித்துவிட்டாள். மாரி பிறந்த பிறகு அவள் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். அவர்களை அப்படியே நிற்க வைத்து, மேசை மேல் இருந்த அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடிக்காமல் விடமாட்டேன் என்றாள். பிறகு மீராசாஹிபுவையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் போனோம்.

கொங்கிறீட் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. கொந்தராத்துக்காரர் சீமெந்திலும் மிச்சம் பிடித்திருந்தார். அல்லாஹ் எல்லாவற்றிலும் ஒரு நன்மை வைத்திருக்கிறான். அலவாங்கு போட்டு நெம்ப, பெயர்க்கல் ஆடிக் கொடுத்து, கழன்று சரிந்தது. அடியில் இருந்ததை உடைத்து எடுத்ததும், கானுக்குள் ஏதோ பெரிய மாடு பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். தண்ணீர் புறப்பட்டது. ஒழுங்கைத் தண்ணீரெல்லாம் சுழன்று கூடி, செருப்பு, தேங்காய்ச் சிரட்டை, எங்கள் வீட்டு அகப்பை ஒன்றையும் இழுத்துக்கொண்டு தோணாவுக்குப் போனது. சல்மா அகப்பையைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

கான் திறந்த பிறகு, நிலையத்துக்குள் ஆட்கள் போக வழியில்லாமல் ஒரு இடைவெளி கிடந்தது. என்ன போடலாம் என்று பார்த்தோம். பெயர்க்கல் சரியான அளவாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மிஹ்லார் சேர் அந்தக் கல்லின் மேல் நடந்து உள்ளே போனார். பிறகு நின்றார். பிறகு திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"பேர் எழுதின பக்கம் எங்க?"

"கீழ சேர்" என்றேன். "நடக்கிற ஆக்கள் மிதிச்சுப் பழுதாப்போயிரும் எண்டு."

அவர் நெடுநேரம் யோசித்தார். பிள்ளைகளைத் தண்டிக்கலாம். ஆனால் எதற்காக என்று எழுதினால், கானை அடைத்திருந்தது யார் என்றும் எழுதவேண்டி வரும். நுஸ்ஹாவின் சான்றிதழைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் படம் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது. கடைசியில், இயற்கை அனர்த்தத்தினால் நினைவுக்கல் இடம்பெயர்ந்ததாக அறிக்கை போனது. நாங்கள் செய்த வேலை வேறு ஆட்களின் பெயரில் போவது வழமை; அல்லாஹ்வின் பேரில் போனது அதுதான் முதல்தரம்.

புதிய பிள்ளைகள் வந்த அன்று வழமைபோல நான் போனேன். வீடு காய்ந்திருந்தது. சாரமும் காய்ந்திருந்தது. சேர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"காக்கா, உங்கட குறை இப்ப என்ன?"

யோசித்தேன். "இப்போதைக்கு ஒண்டும் இல்ல சேர். அல்ஹம்துலில்லாஹ்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப கஷ்டம். குறை இல்லாத ஆள எப்பிடிப் பொதுமகன் எண்டு சொல்லுற? பாடத்திட்டத்தில இடமில்ல. நாங்க வேற ஆளப் பாக்கிறம்."

"அப்ப எனக்கு வேலை இல்லயா சேர்?"

"இல்ல."

"இதுதான் சேர் இப்ப என்ர குறை. வேலை போயிட்டு. உண்மையான குறை. இத வெச்சுப் பிள்ளைகள் பழகலாமே."

சேர் லாச்சியைத் திறந்தார். மூடினார். ஒரு கடதாசியை எடுத்து மற்றக் கடதாசியின் மேல் வைத்தார். பிறகு சொன்னார்:

"அதுக்குப் பொறுப்பானவர் இண்டைக்கு வரல்ல. நீங்க நாளைக்கு வாங்க."

சொல்லும்போது தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்துவிட்டார். சாரதாதேவி மிஸ் இருந்திருந்தால் மணி அடித்திருப்பார்.